கீபோர்டில் இனிக்கிற பிளக், பியானோ ரோலில் ஏன் காய்கிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். பழைய டிரான்ஸ் (கிளப்களில் ஓடும் மின்னணு நடன இசை) பாட்டுகளில் வரும் மின்னுகிற பிளக் ஒலியை, அதாவது கம்பியை மீட்டியது போலச் சட்டென்று எழுந்து தேயும் ஒலியை, வைட்டல் என்ற மென்பொருள் சின்த்தில் (சின்தசைசரில்) செய்யப் பார்க்கிறீர்கள். வீடியோக்களில் சொன்னபடி சூப்பர்சா (ரம்பப் பல் வடிவச் சா அலைகள் பலவற்றை அடுக்கியது), ஃபில்டர் (ஒலியின் ஒரு பகுதியை வெட்டுவது), என்வலப் (ஒலி எழுந்து தேயும் வடிவத்தை ஆள்வது) எல்லாம் வைத்தாகிவிட்டது. மிடி கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தால் நன்றாகவே கேட்கிறது. அதையே எஃப்எல் ஸ்டுடியோ மென்பொருளின் பியானோ ரோலில் (நோட்டுகளை வரையும் கட்டத்தில்) பதினாறாம் நோட்டுகளாக (ஒரு பீட்டுக்கு நான்கு) வரைந்து ஓடவிட்டால் 'டிக் டிக்' என்று காய்ந்துபோகிறது. காவடிப் பாட்டு ஒன்றின் ரீமிக்ஸுக்காக இது வேண்டும், தைப்பூசத்துக்குள் முடிக்க வேண்டும், "சைலன்த் சின்த் வாங்கினால்தான் அந்த சவுண்டு வருமா அண்ணே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்க வேண்டாம் தம்பி. காரணம் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பிடித்தால் நன்றாக இருக்கிறது, வரைந்தால் காய்கிறது என்றால் இரண்டு இடத்திலும் ஓடுவது ஒரே பேட்ச், அதாவது ஒரே ஒலி அமைப்புதானே? அப்புறம் சின்த்தைக் குறை சொல்லி என்ன பயன்? மாறியது நோட்டின் நீளம் மட்டும்தான். அங்கிருந்தே தொடங்குகிறேன். முதலில் என்னைப் பற்றி ஒரு வரி: கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சின்ன ஸ்டுடியோ வைத்து விளம்பர ஜிங்கிள், பக்திப் பாட்டு, மேடை ஒலி என்று பிழைப்பு நடத்துகிறவன், சின்த் புரோகிராமிங் சொல்லியும் தருகிறேன். டிரான்ஸ் ஆல்பம் போட்டவன் இல்லை. அதனால் ஒலி எப்படி உருவாகிறது என்பதை உறுதியாகச் சொல்வேன்; பெரிய கிளப் ஸ்பீக்கரில் எப்படி உட்கார வேண்டும் என்பதை அந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் கேளுங்கள்.

டிரான்ஸ் பெரும்பாலும் 132 முதல் 140 பிபிஎம்முக்குள் (நிமிடத்துக்கு இத்தனை பீட்) ஓடும். உங்கள் புராஜெக்ட் 138 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பீட் சுமார் 435 மில்லிசெகண்ட். பதினாறாம் நோட்டு ஒன்று சுமார் 109 மில்லிசெகண்ட். என்வலப்பில் நான்கு பகுதிகள்: ஒலி எழும் அட்டாக், தேயும் டிகே, பிடித்திருக்கும்வரை நிற்கும் அளவான சஸ்டெய்ன், விட்டபின் அடங்கும் ரிலீஸ். வீடியோவில் டிகே 300 மில்லிசெகண்ட் வையுங்கள், சஸ்டெய்னைப் பூஜ்யமாக்குங்கள் என்றிருப்பார்கள். நீங்களும் வைத்தீர்கள். கட்டையை அழுத்திப் பிடிக்கும்போது அந்த 300 மில்லிசெகண்டும் முழுசாக ஓடுகிறது, ஒலி தானாகத் தேய்ந்து அடங்குகிறது. பியானோ ரோலிலோ நோட்டு 109இல் முடிந்துவிடுகிறது. அதையும் பாதியாக வெட்டி வரைந்திருந்தால் 54இல். நோட்டு முடிந்த அந்த நொடியிலேயே என்வலப் டிகேயை விட்டுவிட்டு ரிலீஸுக்குத் தாவும். பல சின்த்களின் தொடக்க பேட்ச்சில் ரிலீஸ் குறைவாகத்தான் இருக்கும். நீங்களும் அதைத் தொட்டிருக்க மாட்டீர்கள், ஏனென்றால் கட்டையைப் பிடித்தபடி கேட்கும்போது ரிலீஸுக்கு வேலையே வருவதில்லை. ஆக, உங்கள் பாட்டில் ஓடும் பிளக்கின் உருவத்தைத் தீர்மானிப்பது நீங்கள் உட்கார்ந்து செதுக்கிய டிகே இல்லை, திரும்பிக்கூடப் பார்க்காத ரிலீஸ்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. ஒலி அளவை ஆளும் முதல் என்வலப்பில் ரிலீஸை டிகேக்குச் சமமாக வையுங்கள். ஃபில்டரைத் திறந்து மூடும் இரண்டாவது என்வலப்பிலும் அப்படியே. இந்த இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒலி அளவின் ரிலீஸ் நீளமாகவும் ஃபில்டரின் ரிலீஸ் குட்டையாகவும் இருந்தால், நோட்டு முடிந்ததும் ஃபில்டர் சட்டென்று மூடிக்கொள்ளும். வால் மட்டும் மங்கலாக 'தும்' என்று இழுக்கும். இரண்டையும் சரிசெய்துவிட்டு நோட்டுகளைக் குட்டையாகவும் நீளமாகவும் மாற்றிப் பாருங்கள். ஒலி கிட்டத்தட்ட மாறாமல் இருந்தால் பிளக் சரியாக அமைந்துவிட்டது என்று பொருள். இன்னொன்றையும் கூடவே பாருங்கள்: வாய்ஸ் எண்ணிக்கை (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய நோட்டுகள்) 1 என்று இருந்தால் அடுத்த நோட்டு முந்தையதன் வாலை வெட்டிவிடும். 8 அல்லது அதற்கு மேல் வையுங்கள். லெகாட்டோ (நோட்டுகளை இடைவிடாமல் இணைப்பது) எரிந்துகொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள்.

இனி ஒலிக்கே வருவோம். வீணைக் கம்பியை மீட்டியதும் அடிப்படைச் சுருதியும் அதன் மேல்சுரங்களும் ஒன்றாகக் கிளம்புகின்றன. மேலே உள்ளவை சீக்கிரம் சக்தியிழந்து அடங்க, கீழே உள்ளவை நின்று ஒலிக்கின்றன. காது 'மீட்டப்பட்டது' என்று கண்டுபிடிப்பது இந்த வரிசையை வைத்துத்தான். சத்தம் குறைவது மட்டும் போதாது, பிரகாசம் சத்தத்தைவிட வேகமாகக் குறைய வேண்டும். சா அலையில் எல்லா மேல்சுரங்களும் உண்டு. இரண்டாவது பாதி பலம், மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு என்று படிப்படியாக இறங்கும். ஆகவே மூலப்பொருள் அதிலேயே இருக்கிறது. மேல் அதிர்வுகளை வெட்டும் லோபாஸ் ஃபில்டர் சட்டென்று திறந்து வேகமாக மூடினால் மேல்சுரங்கள் முதலில் சாகும். டிரான்ஸ் பிளக்கின் ரகசியம் இவ்வளவுதான். கம்பியின் இந்த நடத்தையை வேறு வழியில் செய்யும் முறையும் உண்டு. கார்ப்ளஸ், ஸ்ட்ராங் என்ற இருவர் 1983இல் வெளியிட்டது அது: சின்ன இரைச்சல் துணுக்கு ஒன்றை டிலேயில் (எதிரொலிச் சுற்றில்) சுற்றவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக மழுக்குவார்கள். அது நிஜக் கம்பிக்கு நெருக்கமாக ஒலிக்கும். நீங்கள் தேடும் ஒலிக்குச் சா அலையும் ஃபில்டரும்தான் சரி.

அதனால் ஒரே ஒரு சா அலையோடு ஆரம்பியுங்கள். யூனிசன் (ஒரே சுரத்தைப் பல குரலாக அடுக்குவது) வேண்டாம். டிலே, ரிவர்ப் (கூடத்தின் முழக்கம்), கோரஸ் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஆக்டேவுக்கு 24 டெசிபல் குறைக்கும் லோபாஸ் போட்டு, கட்டாஃபை (ஃபில்டர் வெட்டத் தொடங்கும் இடத்தை) 250 ஹெர்ட்ஸ் பக்கம் இறக்குங்கள். இரண்டாவது என்வலப்பைக் கட்டாஃபுக்கு இழுத்துவிட்டு ஐந்து ஆக்டேவ் மேலே தூக்கும் அளவுக்குக் கொடுங்கள், அதாவது 60 செமிடோன். 250 ஐந்து முறை இரட்டித்தால் 8000 ஹெர்ட்ஸ். அடிக்கும் கணத்தில் ஃபில்டர் அங்கே போய்த் திரும்பும். அந்த என்வலப்பில் அட்டாக் பூஜ்யம், டிகே 200க்கும் 300க்கும் நடுவில், சஸ்டெய்ன் பூஜ்யம். ஒலி அளவுக்கான என்வலப்பில் டிகே அதைவிட நீளமாக, 450 முதல் 600 வரை. இந்த இரண்டு டிகேக்கும் இடையிலுள்ள உறவுதான் எல்லாம். ஒலி அளவு முதலில் செத்தால் பிரகாசம் இருக்கும்போதே வெட்டுப்பட்டு 'டக்' என்று வரும். ஃபில்டர் முதலில் மூடினால் வீணை வரிசை கிடைக்கும். நான் கொடுத்த எண்களைத் திருவாசகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். அட்டாக்கில் கிளிக் சத்தம் உறுத்தினால் ஒலி அளவுக்கு மட்டும் 1 அல்லது 2 மில்லிசெகண்ட் கொடுங்கள். ரெசனன்ஸ் (கட்டாஃப் இருக்கும் இடத்தைத் தூக்கிக் காட்டுவது) கொஞ்சம் போதும். அதிகமானால் ஒவ்வொரு அடிக்கும் 'பியோவ்' என்று ஆசிட் வகைப் பேஸ் ஒலி மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது கீ டிராக்கிங். இதை யாரும் சொல்வதே இல்லை. கட்டாஃப் 250இல் நிலையாக நிற்கிறது என்று வையுங்கள். நீங்கள் 880 ஹெர்ட்ஸ் நோட்டு ஒன்றை வாசித்தால், ஃபில்டர் மூடி முடிக்கும்போது அந்த நோட்டின் அடிப்படைச் சுருதியே கட்டாஃபுக்கு மேலே ஏறக்குறைய 1.8 ஆக்டேவ் தள்ளி நிற்கும். 24 டெசிபல் ஃபில்டரில் அது 40 டெசிபலுக்கும் மேல் அமுங்கிவிடும். கீழ் நோட்டுகள் நின்று ஒலிக்க, மேல் நோட்டுகள் பாதியிலேயே மறைந்துபோகும். ஆர்பெஜியோவில் இரண்டும் கலந்து வருவதால், பேட்டர்ன் நொண்டுவது போலத் தோன்றும், காரணம் பிடிபடாது. கீ டிராக்கிங்கை முழுதாகத் திறந்தால் கட்டாஃப் நோட்டோடு சேர்ந்து ஏறி இறங்கும். முழுதாக வைத்தால் மேல் நோட்டுகள் காதைக் குத்துவதாகத் தோன்றினால் பாதிக்கும் முக்காலுக்கும் நடுவில் நிறுத்துங்கள். அது உங்கள் காதைப் பொறுத்தது.

இதெல்லாம் ஆனபிறகுதான் யூனிசன். சூப்பர்சா என்ற பெயர் 1996இல் ரோலண்ட் கொண்டுவந்த ஜேபி-8000 கீபோர்டிலிருந்து வந்தது. ஒன்றுக்கொன்று சற்றே சுருதி விலகிய ஏழு சா அலைகள். 2010இல் ஆடம் சாபோ என்பவர் ஸ்வீடனில் தன் பட்ட ஆய்வுக்காக அதை அளந்து பார்த்தார். ஏழும் சம இடைவெளியில் இல்லை. நடுவில் நெருங்கியும் ஓரத்தில் விலகியும் இருக்கின்றன, மேலும் கீழும் துல்லியமாக ஒத்தும் இல்லை. ஒவ்வொரு நோட்டிலும் ஏழின் தொடக்க நிலையும் வெவ்வேறு. அடிப்படைச் சுருதிக்குக் கீழே உள்ள குப்பையை ஒரு ஹைபாஸ் ஃபில்டர் நீக்கிவிடுகிறது. இவ்வளவும் அளவெடுத்த விஷயம். "இந்தப் பாட்டில் இந்த சின்த்தான் வாசித்தார்கள்" என்று கமெண்டுகளில் அடித்துச் சொல்வார்கள் பாருங்கள், அதில் பாதியை ஊகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் ஜேபி, அக்சஸ் வைரஸ் என்று பல கருவிகள் சேர்ந்து ஒலித்தன. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவதும் சகஜம்.

பிளக்குக்கு யூனிசன் எவ்வளவு முக்கியம்? நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு என்பது என் கருத்து. 440 ஹெர்ட்ஸில் இரண்டு சா அலைகளைப் பத்து சென்ட் (ஒரு செமிடோனில் பத்தில் ஒரு பங்கு) விலக்கினால் அடிப்படைச் சுருதியில் செகண்டுக்குச் சுமார் இரண்டரை அலைவு வரும். ஓர் அலைவு முடிய 400 மில்லிசெகண்ட் ஆகும். உங்கள் பிளக்கின் பிரகாசமான பகுதி அதற்குள் முடிந்துவிடுகிறது. நீளமாக இழையும் பேட் ஒலியில் கேட்கும் அந்தச் சுழற்சிக்கு இங்கே நேரமே இல்லை. மேல்சுரங்களில் அலைவு வேகமாக இருப்பதால் முதல் கணத்தில் ஒரு பளபளப்பு வரும், ஸ்டீரியோ அகலம் கிடைக்கும், அவ்வளவுதான். பதினாறு குரல் போட்டால் பெரும்பாலும் மடிக்கணினி காற்றாடிதான் சுழலும். நான் வழக்கமாகச் செய்வது: நடுவில் யூனிசன் இல்லாத ஒரு சா, அதன் ஃபேஸில் (அலை தொடங்கும் நிலையில்) ரேண்டம் பூஜ்யம். இரண்டாவது ஆசிலேட்டரில் (அலையை உருவாக்கும் பகுதியில்) ஐந்து முதல் ஏழு குரல், மிதமான டீட்யூன் (சுருதி விலக்கம்), ரேண்டம் முழுதாக, சத்தம் கொஞ்சம் குறைவாக. முதலாவது ஒவ்வொரு அடியையும் ஒரே மாதிரி உறுதியாகத் தொடங்கி வைக்கும், இரண்டாவது அகலம் கொடுக்கும். எல்லாக் குரலுக்கும் ரேண்டம் கொடுத்தால் சில அடிகள் கனமாகவும் சில சோகையாகவும் விழும். பழைய ஒலியின் அழகே அதுதான் என்பவர்கள் உண்டு; அவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

சரி, இவ்வளவு செய்தும் உலர்ந்த நிலையில் கேட்டால் "இதுவா அந்த சவுண்டு?" என்று தோன்றும். தோன்றத்தான் வேண்டும். நீங்கள் ரெக்கார்டில் கேட்பதில் பாதி டிலேயும் ரிவர்பும். வழக்கமான டிலே நேரம் புள்ளி வைத்த எட்டாம் நோட்டு, அதாவது மூன்று பதினாறாம் நோட்டு. 138இல் சுமார் 326 மில்லிசெகண்ட். ஃபீட்பேக் (எதிரொலி மறுபடி எதிரொலிக்கும் அளவு) 35 சதவீதம் பக்கம், இடமும் வலமும் மாறி மாறி விழும் பிங்பாங் முறையில், 400 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 6000க்கு மேலும் வெட்டி. ரிவர்ப் இரண்டரை மூன்று செகண்ட், தொடங்கும் முன் 20 முதல் 30 மில்லிசெகண்ட் இடைவெளி, 300க்குக் கீழே வெட்டு. அடி முதலில் தெளிவாக விழுந்து, அதன் பிறகுதான் கூடம் பதில் சொல்ல வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் பிளக்கின் முனையே ரிவர்புக்குள் மழுங்கிவிடும்.

டிலே நேரத்தைக் கண்மூடி நகலெடுக்காதீர்கள், பேட்டர்னைப் பாருங்கள். மிருதங்கமோ தவிலோ கொஞ்சம் படித்தவர் என்றால் இது சட்டென்று விளங்கும். டிரான்ஸில் அடிக்கடி வரும் ஒரு கணக்கு 'தகிட தகிட தகிட தகிட தக தக', பதினாறு. தொடக்கத்தைப் பூஜ்யம் என்று எண்ணினால் அடிகள் 0, 3, 6, 9, 12, 14 ஆகிய இடங்களில் விழும். டிலேயும் மூன்று என்றால் எதிரொலி 3, 6, 9, 12, 15 என்று போய் அடுத்த பாரின் (தாளச் சுற்றின்) 1இல் விழும். முதல் நான்கும் அசல் அடிக்கு அடியிலேயே புதைந்துவிடுகின்றன! டிலே போட்டும் இடைவெளி நிரம்பாதது ஏன் என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். இந்தக் கணக்குக்கு எட்டாம் நோட்டு டிலே, அதாவது இரண்டு, வைத்துப் பாருங்கள்: எதிரொலி 2, 5, 8, 11, 14, 16. காலி இடங்கள் நிரம்பும். மாறாக, பேட்டர்ன் எட்டாம் நோட்டுகளாக நேராக ஓடினால் மூன்றுதான் அழகு, ஒவ்வொரு அடியின் முதல் எதிரொலியும் நடுவில் விழும். விடாமல் பதினாறும் ஓடுகிற ஆர்பெஜியோவில் எந்த டிலேயும் அசல் அடியின் மேலேதான் விழும். அங்கே அதன் வேலை சுரங்களை ஒன்றோடொன்று கலப்பது.

இன்னும் இரண்டு விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெலாசிட்டியை (அடியின் வலுவை) கட்டாஃபுக்குக் கொஞ்சம் கட்டிவிட்டு, தாளத்தில் அழுத்தம் விழும் அடிகளுக்கு மட்டும் கூட்டுங்கள். எல்லா நோட்டும் 100இல் இருந்தால் எந்திரம் வாசித்தது போலத்தான் இருக்கும். கிக் டிரம் விழும்போதெல்லாம் பிளக்கும் அதன் ரிவர்பும் சற்றுப் பின்வாங்கும்படி சைட்செயின் போடுங்கள். டிரான்ஸுக்கே உரிய ஏற்றம் வேண்டுமென்றால், ஃபில்டரின் டிகேயையும் ரிலீஸையும் 120இலிருந்து 600 வரை 32 பார்களில் மெல்ல நகர்த்துங்கள். 138இல் அது ஏறக்குறைய 56 செகண்ட். பலர் கட்டாஃபை மட்டும் திருப்புவார்கள்; அதில் ஒலி பிரகாசமாகும், ஆனால் நீளாது. டிகே நீளும்போது ஒட்டாமல் தெறித்த நோட்டுகள் ஒன்றோடொன்று உருகிச் சேரும், நம்மை அறியாமலே தோள் நிமிரும்.

சைலன்த் விஷயம். நல்ல சின்த், சந்தேகமில்லை. நான்கு ஆசிலேட்டர், ஒவ்வொன்றிலும் எட்டு குரல் வரை யூனிசன், ஆக ஒரு நோட்டுக்கு 32 குரல். பிரிசெட்டுகள் கைக்கு அடக்கமாக இருக்கும், கணினியையும் அதிகம் வாட்டாது. ஆனால் விலை யூரோவில். ரிங்கிட்டுக்கு மாற்றிப் பார்த்தால் மாணவருக்குக் கனக்கும். மேலே சொன்ன எதுவும் 2020இல் வந்த வைட்டலின் இலவசப் பதிப்பிலேயே முடியும். சர்ஜ் எக்ஸ்டியும் இலவசம்தான், அதிலும் முடியும். ஃபில்டரின் தன்மையில் சின்த்துக்குச் சின்த் வித்தியாசம் உண்டு என்பது உண்மை. பாட்டுக்குள் டிலே, ரிவர்ப் எல்லாம் சேர்ந்தபிறகு அது எவ்வளவு தெரியும் என்பது விவாதத்துக்குரியது. என் காதுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. அந்தக் காசை வைத்திருந்தால் கோலாலம்பூர் லோயாட் மின்னணுக் கடைத்தொகுதிக்கு நேராகப் போய்க் கேட்டுப் பார்த்து, பின்பக்கம் மூடாத ஒரு நல்ல ஹெட்போன் வாங்குங்கள். பேஸைத் தூக்கிக் காட்டும் ஹெட்போனில் பிளக்கின் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் பகுதியை யாராலும் சரியாக எடைபோட முடியாது.

கடைசியாகக் காவடிப் பாட்டு. இங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உறுமி மேளத்தை நேரடியாக வாசித்துப் பதிவு செய்திருந்தால் வேகம் நிலையாக இருக்காது. வாசிப்பவர்கள் உற்சாகம் ஏற ஏற வேகமும் ஏறும், பத்துமலைப் படிகளுக்குக் கீழே நின்று கேட்டவர்களுக்கு இது தெரியும். உங்கள் பிளக்கோ புராஜெக்டின் தாளக் கட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், டிலேயும் அப்படியே. எட்டாவது பாரில் இரண்டும் உரசத் தொடங்கும். அதனால் பிளக்கைத் தொடும் முன் உறுமி டிராக்கைச் சில பார்களுக்கு ஒருமுறை குறித்து, கட்டத்துக்கு நீட்டியோ சுருக்கியோ பொருத்துங்கள். ஒவ்வொரு அடியையும் பிடித்து இழுக்காதீர்கள், உறுமியின் இழைவு போய்விடும். பாரின் முதல் அடி பொருந்தினால் போதும். உறுமியின் அந்த முனகல் கீழ்ப்பகுதியில்தான் உட்காரும், ஆகவே பிளக்கை 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி அதற்கு இடம் விடுங்கள். தனியாகக் கேட்டால் பிளக் மெலிந்தது போலத் தோன்றும். மேளத்தோடு சேர்த்துக் கேட்டு முடிவெடுங்கள். ரிலீஸை மாற்றிய பிறகும் ஒலி காய்ந்தே இருந்தால், இரண்டு என்வலப்பின் எண்களையும் பியானோ ரோலில் நோட்டு எவ்வளவு நீளம் என்பதையும் எழுதுங்கள். அதை வைத்து மேற்கொண்டு பார்க்கலாம்.